ஏழு பட்டை உருளைக்கிழங்கு

ரசத்தில் முட்டையின் வெள்ளைக்கருவை விட்டால் நன்றாகத் தெளியும் என்று போன ஞாயிற்றுக்கிழமை என் மருமான் சொன்னான். சொன்ன இடம், செம்பூர் சேடா நகரில் என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. சொன்ன நேரம், நான் இரண்டாம் தடவை ரசம் விட்டுக்கொண்டிருந்த நேரம். பிரெஞ்சுக்காரர்கள் கான்சொமே என்று ஒரு சூப் வைப்பார்களாம். வெள்ளைக்கரு கொதியில் திரண்டு மேலே வந்து கசடையெல்லாம் பிடித்துக்கொள்ளுமாம். எங்கள் வீட்டில் தெளிவு வேண்டுமென்றால் கரண்டியை அடிவரை விடாமல் மேலாக எடுப்போம். அதற்கு விசா கேட்க மாட்டார்கள். அக்கா காதில் விழாதவள் போல அப்பளம் எடுக்க உள்ளே போய்விட்டாள். அத்திம்பேர்தான், "பாத்துக்கோ, இன்னும் கிளம்பக்கூட இல்லை, அதுக்குள்ள எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கான்!" என்று பூரித்தார்.

பையன் சமையல் படிக்க மெல்போர்ன் போகிறான்.

போகிறவனைப் பார்க்க நாம் வெறுங்கையோடு போவதில்லை. நானும் பருப்புப்பொடி கொண்டுபோயிருந்தேன். எனக்கு முன்பே வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய், மணத்தக்காளி வற்றல், சாம்பார்பொடி மட்டும் நாலு வீட்டுத் தயாரிப்பு. பெட்டியில் துணிக்கு இடமில்லை. சமைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறவனுக்குச் சமைத்ததைக் கட்டிக் கொடுக்கிறோமே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பையனுக்கு உறைத்தது. "மாமா, இதெல்லாம் ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணணும். விதை, பருப்பு எதுன்னாலும் ஆஸ்திரேலியாவில கேப்பான். சொல்லாம கொண்டுபோனா ஃபைன்" என்றான். நான் கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலத்தை என் பையில் திணித்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தால் என்னுடையது இல்லை. எந்த மாமி செய்ததோ, பெருங்காயம் தூக்கல்.

கறி, மீன் விஷயத்தை அக்கா ஏற்கெனவே தீர்த்துவிட்டாள். வகுப்பில் கோழியை எலும்பு நீக்கி வெட்டச் சொல்வார்கள், குழம்பை ருசி பார்க்கவும் சொல்வார்கள். தெரிந்த சாஸ்திரிகளைக் கேட்டாளாம். கடல் தாண்டுவதற்கே பிராயச்சித்தம் உண்டு, திரும்பி வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பண்ணிவிடலாம், தட்சிணை ஒன்றுதான் என்றாராம். இந்த விவகாரத்தில் சிக்கனமாகப் பேசின ஒரே மனிதர் அவர்.

இந்தப் படிப்பைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உருளைக்கிழங்கைச் சொல்லிவிடுகிறேன்.

டூர்னே என்று ஒரு வெட்டு. உருளைக்கிழங்கைக் குட்டி பீப்பாய் வடிவத்தில் சீவ வேண்டும். நீளம் ஐந்து சென்டிமீட்டர், பக்கத்துக்குப் பக்கம் சமமாக ஏழு பட்டை. கிளியின் அலகு போல வளைந்த ஒரு சின்னக் கத்தி இதற்கென்றே இருக்கிறது. அங்கே போய்த் திணறக் கூடாது என்று பையன் இங்கேயே பழக ஆரம்பித்தான். அக்கா இரண்டாம் நாளே, "மாமா ஆத்துக்குப் போய்ப் பழகுடா, அங்க கிச்சன் பெரிசு" என்று அனுப்பிவிட்டாள். மாதுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிலோ கிழங்கு சீவினால் பீப்பாயாகத் தேறுவது பாதிதான். மீதி பாதி சீவல். அதை எறிய என் மனைவி சம்மதிக்க மாட்டாள். முதல் நாள் பொடிமாஸ். மறுநாள் போண்டா. அப்புறம் கட்லெட், பட்டாட்டா வடை, சாபுதானா கிச்சடி. அடை மாவில் கரைத்தாள், சப்பாத்தி மாவில் பிசைந்தாள், மோர்க்குழம்பில் கூட ஒருநாள் என்னவோ மிதந்தது. சரியான பீப்பாய்கள் சாம்பாருக்குப் போயின. ஏழு பட்டை இருந்தாலும் உருளைக்கிழங்கு சாம்பாரில் உருளைக்கிழங்காகத்தான் இருக்கிறது, தட்டில் உருண்டு ஓடுவது ஒன்றுதான் கூடுதல். ஆறு பட்டையோடு நின்றுவிட்டவற்றுக்குத் தனி அடுக்கு. என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி, "இது ஃபெயில்" என்று அதில் போடுவாள். ஃபெயிலானதெல்லாம் ராத்திரி ரோஸ்ட்.

ஏகாதசிக்குத் தப்பலாம் என்று நினைத்தேன். உபவாசத்துக்கு உருளைக்கிழங்கு தாராளமாக ஆகுமாம். மராட்டி தேசத்தில் இவ்வளவு வருஷம் இருந்ததில் என் மனைவி கற்றுக்கொண்ட சாஸ்திரம் அது. மார்க்கெட்டில் காய்க்கார பையா, "வீட்டில் கல்யாணமா சாப்?" என்று விசாரித்தான். அந்த நாட்களில் உருளைக்கிழங்கு இல்லாமல் நாங்கள் சாப்பிட்டது ஒரே ஒரு வேளை. என் மாமனாருடைய திவசம். திவசத்துக்கு இங்கிலீஷ் காய் ஆகாது. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய் என்று இலை நிறைந்திருந்தது. மாமனாரை நான் அவ்வளவு நன்றியோடு நினைத்ததே கிடையாது. அன்று சாயங்காலம் பஞ்சாங்கத்தை எடுத்து, அடுத்தது யாருடையது என்று பார்த்தேன்.

ஏன் ஏழு? எட்டு வைத்தால் குடி முழுகிப்போகுமா? அத்திம்பேரைக் கேட்டேன். ஏழு ஸ்வரம், ஏழு மலை, ஏழு கடல் என்று ஆரம்பித்து, பிரான்ஸுக்கும் திருப்பதிக்கும் ஆதியில் தொடர்பு இருந்திருக்கலாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். அவர் ரிட்டயர்ட் மனிதர், நேரம் நிறைய இருக்கிறது.

அபிப்பிராயம் என்னவென்றால், தாதரிலேயே காலேஜ் இருக்கிறது. 1954-இல் லீலாவதி முன்ஷி முயற்சியில் ஆரம்பித்தது. ஊரில் எல்லாரும் தாதர் கேட்டரிங் என்பார்கள். என் வீட்டிலிருந்து டாக்ஸியில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும். இதைச் சொன்னதும் அத்திம்பேர் ஃபோனைத் திறந்தார். கரிமா அரோரா என்று மும்பைப் பெண். பத்திரிகை வேலையை விட்டுவிட்டு பாரிஸில் லெ கார்டன் ப்ளூவில் படித்தாள். பாங்காக்கில் காஆ என்று ரெஸ்டாரன்ட் திறந்து, 2018-இல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கின முதல் இந்தியப் பெண். உண்மைதான், மறுக்கவில்லை. நான் ஃப்ளாய்ட் கார்டோஸை எடுத்து விட்டேன். அவரும் பம்பாய்க்காரர்தான். நியூயார்க்கில் தப்லா என்ற ரெஸ்டாரன்டில் பேர் வாங்கினவர். ஆனால் முதலில் சமையல் படித்தது இதே தாதரில். "அப்புறம் ஸ்விட்சர்லாந்து போனாரே?" என்றார் அத்திம்பேர். கூகிள் வந்த பிறகு அரைகுறைத் தகவலோடு யாரையும் மடக்க முடிவதில்லை.

ராமா நாயக் எந்த காலேஜில் ஏழு பட்டை சீவினார் என்று கேட்டேன். 1942-இல் மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் ஆரம்பித்த ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் இன்றைக்கும் படியேறி டோக்கன் வாங்கிக் காத்திருந்துதான் சாப்பிடுகிறோம். தாராவியில் நம்மூர்க்காரர்கள் விடியுமுன் எழுந்து இட்லி வேகவைத்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹார்ன் அடித்தபடி பாதி ஊருக்குக் காலைப் பலகாரம் போடுகிறார்கள். அந்த ஹார்ன் சத்தத்தில்தான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். இதையும் சொன்னேன். "அதுக்கெல்லாம் பிஆர் உண்டா?" என்றார் அத்திம்பேர்.

ஆக, விஷயம் பிஆர், அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. இந்தச் சுழலில் ஒரு தலைமுறையே இறங்கி ஏறியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆள் பற்றாக்குறைத் தொழில்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். சமையலும் முடிவெட்டுவதும் அதில் இருந்ததால், அடுப்பு எந்தப் பக்கம் பற்றவைப்பது என்று தெரியாத பையன்களெல்லாம் இந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். 2010 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டார்கள். ஜூலையில் வந்த புதுப் பட்டியலில் சமையல்காரரும் இல்லை, முடி திருத்துபவரும் இல்லை. பாதிப் படிப்பில் இருந்தவர்கள் கரண்டியோடு நின்றார்கள். இதை அத்திம்பேரிடம் ஆதியோடந்தமாகச் சொன்னேன். "அது அப்போ" என்றார். இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 710 டாலராக இருந்தது. 2024 ஜூலையில் 1600, அடுத்த ஜூலையில் 2000. நம் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல். விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. பகுதி நேர வேலையில் சம்பாதித்துவிடலாம் என்றால், வகுப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான்.

இவ்வளவு புள்ளிவிவரம் எனக்கு ஏன் தெரியும்? சொல்கிறேன். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிக்கு சொத்து ஈடு வேண்டும். ஏழரை என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்த அதிகாரி நிச்சயம் ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர். அத்திம்பேர் வீட்டுக் கட்டடம் ரீடெவலப்மென்டில் மாட்டிக்கொண்டு பத்திரம் பில்டரிடம் இருக்கிறது. நான் மாதுங்காவில் இருப்பது பகடி வீடு, பேருக்குத்தான் நம்முடையது, அதை வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் டோம்பிவலியில் பிஎஃப் பணம் மொத்தத்தையும் போட்டு வாங்கின ஒரு ஒன் பிஎச்கே இருக்கிறது. அதை நான் மறந்தாலும் அக்கா மறக்கவில்லை. "உன் பத்திரம் பீரோவில சும்மாதானே இருக்கு?" என்றாள். பத்திரம் வேறெப்படி இருக்கும்? பீரோவில் பரதநாட்டியமா ஆடும்?

அந்த வீட்டு வாடகையில்தான் எங்களுக்கு மருந்து, மாத்திரை, மார்கழிக் கச்சேரி டிக்கெட் எல்லாம். இதை அக்காவிடம் சொல்ல முடியாது. சொன்னால், அம்மா தவறிப்போன வருஷம் தான் என்னென்ன செய்தாள் என்ற பட்டியலை எடுப்பாள். அந்தப் பட்டியலை எந்த மந்திரியும் தூக்க மாட்டார்.

வங்கியில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று போட்டோ, பான் கார்டு, ஒரிஜினல் பத்திரம், சொசைட்டியின் என்ஓசி. என்ஓசிக்கு செக்ரட்டரியைப் பிடிக்க டோம்பிவலிக்குத் தனியாக ஒரு நடை, அதுவும் ஸ்லோ லோக்கலில் நின்றுகொண்டு. கையெழுத்து ஆனதும் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அக்கா ஃபோனில் சொன்னாள். யார் சமையல் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஃபோனைப் பையனிடம் கொடுத்துவிட்டாள்.