இருட்டில் நூறு கிராம் மிளகு

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் மின்சாரத்துக்குப் பல நூற்றாண்டு மூத்தது. பரதேசி யூத ஜெபாலயம் எழுந்த 1568-இலும் இங்கே தராசு ஆடிக்கொண்டுதான் இருந்தது. போன வாரம் நான் கல்லாவில் நிற்கும் மளிகைக் கடையில் கரண்ட் போனதும், நூறு கிராம் மிளகு நிறுக்க வழியில்லை. மின்தராசு கண்ணை மூடிவிட்டது.

வாடிக்கையாளர்களுக்கோ அப்போதுதான் கண் திறந்தது. ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் தயிர் பாக்கெட்டின் தேதியை ஆராய்ந்தார். பட்டப்பகலில் ஒருநாளும் பார்த்தவரில்லை. இன்னொருவர், “ஐஸ்கிரீம் உருகுதே, பாதி விலைக்குத் தரலாமே” என்று தானும் உருகினார். குளிர் இருக்கிறதா என்று கால் மணி நேரத்தில் மூன்று முறை ஃப்ரீசரைத் திறந்து கைவிட்டுப் பார்த்தவர் அவரேதான்.

“இன்வெர்ட்டர் இல்லையா?” என்றார் ஒரு சேச்சி. இருக்கிறது. முதலாளியின் ஃபேனுக்கு.

கடைசியாக வந்தவரிடம் நோட்டு இல்லை, போனில் சிக்னலும் இல்லை. “கணக்குல எழுதிக்கோ சேட்டா.” பென்சிலால் எழுதினேன். கடையில் அன்று பழுதில்லாமல் ஓடிய ஒரே எந்திரம் அதுதான்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. அடுத்த முறை சில்லறையோடு வாருங்கள். ஃப்ரீசர் மூடியைத் தொடாதீர்கள்.