கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார்: நவராத்திரிக் காகித வேலை குறித்து ஓர் ஆய்வு

புரட்டாசி பிறந்தால் வீட்டில் காகிதத் தோரணம் செய்கிறோம், காகிதப் பூ செய்கிறோம், கொலுப் பூங்காவுக்கு அட்டையில் வேலி கட்டுகிறோம். இதற்குக் காரணம் பக்தி என்பார் ஒரு சாரார். கலையார்வம் என்பார் மறுசாரார். பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை, வேறென்ன செய்வது என்பார் மூன்றாம் சாரார். மூன்றும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. வீட்டுக் காகித வேலைக்கு மூலகாரணம் பிள்ளையார். அதிலும் கல்யாணப் பத்திரிகையின் நெற்றியில் தங்க நிறத்தில் அச்சாகி, முகூர்த்தம் முடிந்த பிறகும் குப்பைக்கூடைக்குப் போக மறுக்கும் பிள்ளையார்.

சிக்கலின் தோற்றம் இது. பத்திரிகை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கப்படுகிறது. தேதி வரும்வரை அது டிவி மேல் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிச் சாப்பிட்டு வந்த மறுநாள் அதன் சட்டப்படியான பயன் தீர்ந்துவிடுகிறது. யாராவது அதை எடுத்துப் பழைய பேப்பரோடு சேர்க்கப் போனால் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும்: “அது பிள்ளையார்டீ. பேப்பர்காரனுக்கா போடுவே? பரண்ல வை.” அத்தை இல்லாத வீடுகளில் இதே வாக்கியத்தைப் பாட்டியோ பெரியம்மாவோ சொல்வது களஆய்வில் தெரியவருகிறது. வாக்கியம் மாறுவதில்லை.

சிவகாசியிலிருந்து வரும் தினசரிக் காலண்டரும் இதே வகையில் சேரும். தாள்கள் நாளுக்கு ஒன்றாகக் கிழிந்து போகின்றன. டிசம்பர் 31 இரவு அட்டை மட்டும் மிஞ்சுகிறது. அதில் முருகன் வள்ளி தெய்வானையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரையும் பரணுக்கு ஏற்ற வேண்டியதுதான்.

காகிதம் தரமானது, அதனால்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். அறிவியல் முறைப்படி ஒப்பீட்டுக்கு ஒரு மாதிரி தேவை. அது கருமாதிப் பத்திரிகை. அதுவும் நல்ல அட்டைதான், சில சமயம் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல அட்டை. ஆனால் படித்த கையோடு கிழித்துப் போடுவது வழக்கம்; வீட்டுக்குள் வைப்பதே கிடையாது. சிலுவையும் புறாவும் அச்சான அழைப்பிதழும் பிறை அச்சான அழைப்பிதழும் பிள்ளையாரோடு பரணில் ஒரே கட்டாகப் பத்திரமாக இருக்கின்றன. மணமக்களின் கார்ட்டூனும் கூகுள் மேப் கட்டமும் மட்டும் உள்ள புதுமாதிரிப் பத்திரிகை எந்தத் தயக்கமும் இல்லாமல் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. எனவே காகிதத்தின் தரம் காரணமல்ல. நிறுவப்பட்டது.

இனி இத்துறைக்குத் திணை வகுப்போம். முதற்பொருளில் நிலம் பரண், பொழுது மகாளய அமாவாசைக்கு முந்திய இரவு. கருப்பொருள் கத்தரிக்கோல், கோந்து, ஜிகினாத் தாள், கரப்பான்பூச்சி. உரிப்பொருள், போடமாட்டாமையும் போடமாட்டாமை நிமித்தமும். இத்திணைக்கு எந்த இலக்கண நூலும் இடம் ஒதுக்கவில்லை. அந்நாளில் பத்திரிகை அச்சடிக்கும் வழக்கம் இல்லாததே காரணமாகலாம்.

மேலைநாட்டு முன்னோடிகளையும் ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் (1700–1788) தம் 72ஆம் வயதில் வண்ணத்தாளை நுணுக்கமாக வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களை உருவாக்கத் தொடங்கினார். கண்பார்வை மங்கும்வரை செய்தவை 985. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதழுக்குள் ஓடும் நரம்பைக்கூடத் தனித்தாளில் வெட்டி ஒட்டியவர் அவர். ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837இல் சிறுவர்களுக்கெனத் தொடங்கிய கல்விமுறையில் காகித மடிப்பைப் பாடமாகவே வைத்தார். இருவரும் போற்றத்தக்கவர்களே. ஆனால் டிலேனி அம்மையார் செடியைப் பார்த்துச் செய்தார், ஃபுரோபெல் குழந்தையை எண்ணிச் செய்தார். பரணில் இடமில்லையே என்று செய்தவர் அவர்களில் யாருமில்லை. அந்த உந்துதல் நம்முடையது.

செய்முறைக்கு வருவோம். முதல் வேலை பிள்ளையாரைப் பத்திரிகையிலிருந்து பிரிப்பது. அவர் மேனியில் மின்னுவது தங்கமல்ல. சூடேற்றிய அச்சு ஒரு மெல்லிய படலத்தை அட்டையின் மேல் அழுத்த, படலத்தில் பூசியிருக்கும் அலுமினியம் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் நிறம் மேலே உள்ள சாயத்தின் உபயம். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருக் கடைகளில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டும்போது அப்பா அதற்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. நகம் வெட்டும் சிறு கத்தரியால் காதின் வெளிவளைவில் தொடங்க வேண்டும். காது எளிது. தொந்தியும் எளிது. துதிக்கை வளைந்து மோதகத்தைத் தொடும் இடத்தில் நெல்மணி அளவு ஓர் இடைவெளி இருக்கிறதே, அங்கேதான் அனுபவசாலியும் தடுமாறுவார். கத்தரியைத் திருப்பக்கூடாது, அட்டையைத் திருப்ப வேண்டும். தவறினால் தந்தம் போய்விடும். ஆனால் ஒற்றைத் தந்தமுள்ள தெய்வம் என்பதால் இத்துறையில் ஒரு முறை பிழைக்க மன்னிப்பு உண்டு. இந்தச் சலுகை முருகனிடம் கிடையாது.

பிள்ளையார் போக மீந்த அட்டையைக் கீற்றுகளாக வெட்டி மடித்தால் விசிறிப்பூ. இங்கே இழையோட்டம் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் காகிதம் ஓடிவரும்போது நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அட்டையை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த மடிப்பு நார்களோடு போகிறது. குறுக்கே மடித்தால் மடிப்பின் முதுகு வெடித்து உள்வெள்ளை தெரியும். மடித்த கீற்றின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, நிறுத்தி, மேல்விளிம்பை நடுவை நோக்கி அமுக்கினால் சட்டென்று பூவாக விரிந்துவிடும். விரிந்த வேகத்தில் மீண்டும் நிமிரப் பார்க்கும். நடுவில் கோந்து வைத்து, காய்கிறவரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வாசல்மணி அடிப்பதும் குக்கர் விசில் அடிப்பதும் இந்த நேரத்தில்தான். இது தற்செயலா என்பதை ஆராய நிதி உதவி கோரியுள்ளேன்.

ஒட்டுப்பொருளின் வரலாறு சுருக்கமானது. சோற்றுப் பருக்கை, பிறகு காய்ச்சிய மைதாப் பசை, பிறகு குப்பியில் வந்த கோந்து, இப்போது வெள்ளைப் பசை. மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. பைண்டிங் செய்பவர்கள் இன்றும் சொல்வார்கள். வெள்ளைப் பசையில் வேறு தொல்லை: அதிலுள்ள நீரைக் குடித்து அட்டையின் ஒரு பக்கம் உப்ப, முழு அட்டையும் அப்பளமாக வளைந்துவிடும். பாரம் ஏற்றி இரவு முழுக்க வைக்க வேண்டும். முன்பு டெலிபோன் டைரக்டரி இருந்தது. அது மறைந்தபின், 1910இல் வெளிவந்த சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணிக்கு ஈடான நூல் இத்துறையில் வேறில்லை. என் வீட்டில் அது மிக அதிகமாகப் பயன்படும் மாதம் புரட்டாசி. அந்த நூல் இல்லாதவர்கள் அம்மிக்குழவியை நாடுகிறார்கள்.

பத்திரிகையின் எழுத்துப் பகுதியை என்ன செய்வது என்பதில் இரு மரபுகள் உண்டு. பின்பக்கம் திருப்பி ஒட்டுவது பழைய மரபு. எழுத்தையே அலங்காரமாக்குவது புது மரபு. “தங்கள் நல்வரவை விரும்பும்” என்ற வரியை மட்டும் வெட்டி, கொலுப் பூங்காவின் வாசலில் வளைவாக ஒட்டினால் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கீழே செட்டியார் பொம்மை பலசரக்குக் கடை போட்டிருக்கிறார், கேழ்வரகு முளைவிட்டுப் புல்வெளியாகியிருக்கிறது, கண்ணாடிக் குளத்தில் வாத்து நிற்கிறது, மேலே நல்வரவு. என் கணிப்பில் இதுவே இக்கலையின் உச்சம். “அன்பளிப்பைத் தவிர்க்கவும்” என்ற வரியை மட்டும் யாரும் எங்கும் ஒட்டியதாகச் சான்றில்லை.

பழைய மரபில் ஓர் ஆபத்து உண்டு. சுண்டலுக்கு வரும் விருந்தாளிகளில் ஒருவர் வேலியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அங்கே அவருடைய மாப்பிள்ளையின் படிப்பு “பி.இ.,” வரை இருக்கும், எம்.பி.ஏ. குளத்தின் மறுகரையில் இருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில், “உங்க வீட்டுப் பத்திரிகை அவ்வளவு அழகா இருந்துதுங்க, தூக்கிப் போட மனசே வரல” என்று சொல்லிச் சுண்டலை இன்னொரு கரண்டி வைப்பதே சரியான முறை. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைக் கவனிக்கவும்.

இத்தனை உழைப்பால் பரண் காலியாகுமா என்றால் ஆகாது. பத்திரிகைக் கட்டில் பத்துப் பதினைந்து குறையும். அவற்றோடு சேர்த்து ஒட்டக் கடையில் வாங்கிய கிரேப் பேப்பர், சமிக்கி, லேஸ், குந்தன் கல் எல்லாவற்றிலும் முக்கால்வாசி மிஞ்சும். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் கொலுவைக் கலைக்கும்போது, தோரணத்தில் இருக்கும் பிள்ளையார் இப்போது கையால் செய்த பிள்ளையார். அவரைப் போடுவது முன்னைவிடப் பெரிய பாவம். மீந்த சரக்கோடு சேர்ந்து அவரும் ஏறுவார். ஆண்டுக்கு ஆண்டு பரண் வளர்கிறது. அதைக் குறைக்கவே நாம் காகித வேலை செய்கிறோம்.

அண்மைக்கால மாற்றம் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். தூரத்து உறவுகள் இப்போது பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். இதனால் மூலப்பொருள் வரத்து குறைந்து இக்கலை அழியும் என்று அஞ்சினேன். அத்தையின் செல்போன் இடமில்லாமல் நின்றுபோனபோதுதான் அச்சம் தீர்ந்தது. உள்ளே திறந்து பார்த்தால் ஏழெட்டு வருஷத்துப் பத்திரிகைகள், ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. “இதையெல்லாம் டெலீட் பண்ணிடவா பாட்டி?” என்று பேரப்பிள்ளைகளில் மூத்தவள் கேட்டாள். “ஐயோ, பிள்ளையார் இருக்காருடீ” என்றார் அத்தை. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “எல்லாத்தையும் கலர்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டு, அப்புறமா அழிச்சுக்கோ” என்றார்.