பூஜ்யத்தை விழுங்கியது யார்?

கேள்வி: தாதியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். நோயாளியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் எக்செல் பாடமும் வைத்திருக்கிறார்களே, எதற்கு?
(மாணவி, ஜொகூர் பாரு)

பதில்: உங்கள் அடையாள அட்டை எண்ணை நடுக்கோடு இல்லாமல் எக்செல்லில் தட்டிப் பாருங்கள். 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர் என்றால் எண் பூஜ்யத்தில்தான் தொடங்கும். என்டரைத் தட்டியதும் அந்தப் பூஜ்யம் காணாமல் போய்விடும். முன்னால் நிற்கும் பூஜ்யத்தால் கணக்குக்குப் பயனில்லை என்று எக்செல் அதை விழுங்கிவிடுகிறது. ஆனால் அது கணக்குப் போடுவதற்கான எண் இல்லை, ஒரு மனிதரின் அடையாளம்.

அப்பாவின் எண்ணையும் தட்டுங்கள். அவர் 1971 மே 12-ல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யப் பிரச்சினை இல்லை. ஆனால் பன்னிரண்டு இலக்கமும் சுருங்கி, 7.10512, ஒரு ‘ஈ’, +11 என்று நிற்கும். அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி ஆறு இலக்கமும் போயே போச்சு. மிஞ்சுவது பிறந்த தேதி மட்டும். அன்றைக்குப் பிறந்த அத்தனை பேரும் உங்கள் பட்டியலில் ஒரே ஆளாகிவிடுவார்கள்! மருத்துவமனையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து எளிது. எண்ணைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது. இன்னொன்றும் சொல்கிறேன்: நோயாளிகளின் பெயரும் அடையாள எண்ணும் உள்ள பட்டியலைப் புலனக் குழுவில் பகிரவே பகிராதீர்கள்.

எக்செல் இழுத்துவிட்ட பெரிய வம்பு ஒன்றையும் கேளுங்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிசைதான் கொள்ளும். அதற்கு மேல் வந்ததெல்லாம் சத்தமில்லாமல் வெளியே விழுந்தது. தொற்று கண்டவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அதனால் தாமதமானது. இப்போது சொல்லுங்கள், எக்செல் தாதிக்கு எதற்கு என்று.

கேள்வி: உயிரியல் படிக்கிறேன். எக்செல் மரபணுவின் பெயரையே மாற்றிவிடும் என்று விரிவுரையாளர் சொன்னார். நிஜமா, கதையா?
(மாணவர், ஸ்கூடாய்)

பதில்: நிஜம். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்றெல்லாம் மனித மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். ஆய்விதழ்களோடு வெளியான எக்செல் மரபணுப் பட்டியல்களை மெல்பர்ன் ஆய்வாளர்கள் அலசிப் பார்த்து 2016-ல் எழுதினார்கள்: அப்படிப்பட்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை. கடைசியில் 2020-ல் பெயர்சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருளுக்காக மரபணு விட்டுக்கொடுத்திருக்கிறது! நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

கேள்வி: பொறியியல் முதலாண்டு. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்கிறது. என் மடிக்கணினி கெட்டுவிட்டதா?
(மாணவர், பரிட் ராஜா)

பதில்: கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், நல்லாத்தான் இருக்கிறது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிறோம் இல்லையா? ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே தெரிந்த கணினிக்குப் பத்தில் ஒன்று அப்படித்தான். எங்காவது வெட்டியாக வேண்டும், வெட்டிய இடத்தில் தூசளவு பிழை ஒட்டிக்கொள்ளும்.

தூசுதானே என்று விடமுடியாது. 1991 பிப்ரவரி 25, சவுதி அரேபியாவின் தஹ்ரான். அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி ஆகிவிட்டது. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தடுக்க முடியாமல் 28 வீரர்கள் இறந்தார்கள். இரண்டு தசம எண்கள் சமமா என்று நிரலில் நேரடியாகக் கேட்காமல், அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் போதிய அளவு சிறியதா என்று கேட்கப் பழகுங்கள். முதல் பருவத்தில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி: மகன் வேதியியல், அண்ணன் மகள் மருத்துவம், தங்கை மகன் பொறியியல். மூவருக்கும் ஒரே கணினிப் பாடமா?
(தந்தை, பாசிர் கூடாங்)

பதில்: உங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா, ஐயா? 2019 மார்ச்சில் உங்கள் ஊர்க் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வந்தார்கள். அப்படியொரு நாளில் காற்றில் என்ன வாயு, எவ்வளவு என்று வேதியியலாளர் அளப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பொறியாளர் கணிப்பார். எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் மூச்சுத்திணறி வந்தார்கள் என்று மருத்துவர் எழுதுவார். மூன்று பட்டியலும் சேர்ந்தால்தான் அடுத்து எந்தப் பள்ளியை மூடுவது என்று சொல்லமுடியும்.

சேருமா? ஒருவர் ‘பாசிர் கூடாங்’, இன்னொருவர் ‘பா. கூடாங்’, மூன்றாமவர் ‘பாசிர்கூடாங்’ என்று எழுதினால் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். மார்ச் 7-ஐ 07/03/2019 என்று எழுதினால், அமெரிக்க முறையில் அமைத்த கணினி ஜூலை 3 என்று படிக்கும். ஆண்டு, மாதம், நாள் என்று 2019-03-07 ஆக எழுதிவிட்டால் வம்பில்லை. அளவின் அலகையும் பத்தித் தலைப்பிலேயே போட்டுவிட வேண்டும். பிள்ளைகள் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளைகள் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?
(வாசகர், மூவார்)

பதில்: எழுதித் தரட்டும், நானும் வாங்கிக்கொள்வேன். ஆனால் அது மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பினால் மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு மாறும். கையெழுத்துப் போடுவது உங்கள் பிள்ளை. பட்டியலிலிருந்து மூன்று வரியைக் கையால் கணக்கிட்டு, அதே மூன்றையும் நிரலில் ஓட்டிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல உதவியாள்.

கேள்வி: எஸ்டிபிஎம் முடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். மடிக்கணினி இல்லை, கைப்பேசிதான். எங்கே தொடங்குவது?
(மாணவி, சிகாமட்)

பதில்: கைப்பேசியே போதும், அம்மா. வீட்டு மின்கட்டண பில் பன்னிரண்டை எடுங்கள். மாதம், யூனிட், ரிங்கிட் என்று மூன்று பத்தியாக கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்கிட்டு, ஆண்டு மொத்தத்தையும் கூட்டுங்கள். ஒரு வரைபடமும் போடுங்கள். பிறகு கைப்பேசி உலாவியிலேயே கூகுள் கோலாபைத் திறந்து அதே கணக்கைப் பைத்தானில் செய்யுங்கள். இரண்டுமே இலவசம். இரண்டிலும் ஆண்டு மொத்தம் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால், எந்த மாதத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்கும்வரை பில்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.