கால் எட்டுமா சார்?

காடுமேடு ஓட்டுகிற பைக்குகளை வடிவமைப்பவர்கள் எல்லாரும் ஆறடி ஆசாமிகளாகத்தான் இருக்க வேண்டும். நான் ஐந்தடி நாலங்குலம். ஷோரூமுக்குள் நுழைந்தால் விற்பனைப் பையனின் பார்வை என் முகத்துக்கு வராமல் நேரே முழங்காலுக்குப் போகும். "கால் எட்டுமா சார்?" என்பான், ரொம்ப மரியாதையாக.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். நுனிக்கால் தொட்டது. அதன் ப்ரோ வகையில் 891. அதில் ஏறிய பிறகு தரை என்பது எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே. சஸ்பென்ஷன் நீளமாக இருந்தால்தான் வண்டியின் வயிறு கல்லில் இடிக்காது என்று பையன் விளக்கினான். வண்டியின் வயிற்றின் மேல் எவ்வளவு கரிசனம்!

நண்பரின் பழைய ஹிமாலயன் 411-இல் சீட் 800-தான். இரண்டு காலும் ஊன்றியது. சென்னைப் பக்கம் தயாரான வண்டி, நம்ம ஊர் ஆளை நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். "இதையே பாருங்க மாமா" என்றான் அக்கா மகன். அவன் ஆறடி. வறண்ட ஏரிக்குள் அவனே முதலில் ஓட்டினான். மண் இளகிய இடத்தில் திருப்பும்போது வண்டி சாய்ந்தது. நீளக் காலை ஊன்றினான். கால் நின்றது, வண்டி படுத்துவிட்டது. கிட்டத்தட்ட 200 கிலோ! இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தியதில் உயரத்தைப் பற்றிய என் கவலை பாதி குறைந்து, இடுப்பைப் பற்றிய கவலை வந்தது. எக்ஸ்பல்ஸ் அதைவிட 40 கிலோ இளைத்தது. ஒற்றைக் காலிலேயே சமாளிக்கலாம்.

எழுந்து நின்று ஓட்டும்போதுதான் குள்ளனுக்குக் காலம் வருகிறது. மேடுபள்ளத்தில் ஃபுட்பெக்கில் நின்றால் உடம்பு தனியாக, வண்டி தனியாக ஆடும். 21 அங்குல முன்சக்கரம் கல்லைத் தாண்டிக்கொண்டு அதுபாட்டுக்குப் போகும். ஹேண்டில்பார் என் கைக்கு வாகாக இருந்தது. மருமகனோ கூன் விழுந்து, ஏரி முழுக்கக் கும்பிடு போட்டுக்கொண்டே போனான். அவன் உயரத்துக்கு ரைசர் வைத்து ஹேண்டிலைத் தூக்க வேண்டுமாம். செலவு அவனுக்கு!

இன்னொன்று, சீட் உயரம் ஆள் ஏறாத வண்டிக்குப் போட்ட கணக்கு. ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கும். ஒல்லி ஆளுக்குக் கொஞ்சம், எனக்குத் தாராளமாக. மருத்துவர் குறைக்கச் சொன்ன தொப்பை இப்படி உதவும் என்று யார் கண்டது?

சாதா எக்ஸ்பல்ஸையே வாங்கினேன். சீட் தைப்பவரிடம் கொடுத்து ஃபோமையும் கொஞ்சம் சீவினேன். "இதுல ஏற ஏணி தருவாங்களா?" என்று கேட்டபடியே மனைவி என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. என் குதிகால் இரண்டும் தரையில் பதிந்தன.

"என்ன, திடீர்னு சிரிக்கிறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லையே" என்று கியரைப் போட்டேன்.