கட்டணம் கேளாத வழக்கு

கேள்வி: வழக்குகளுக்கே நேரம் போதாத சட்டத்தரணி ஒருவர் கிரிக்கெட் வரலாறும் எழுதுவது எப்படி? – வாசகர், கல்முனை

பதில்: சாட்சியத்தை எடைபோடுவதே இரண்டு பணிகளுக்கும் உயிர் என்பதால், வழக்கேடுகளில் பழகிய கண் பழைய ஸ்கோர் புத்தகங்களிலும் உறங்குவதில்லை என்பதற்கு, சிட்னிச் சட்டத்தரணியும் கிரிக்கெட் வரலாற்றாசிரியருமான மெக்ஸ் பொனெல் தக்க சான்றாவார். 2003இல் வெளிவந்த அவரது நூல், அவுஸ்திரேலியப் பழங்குடி வேகப்பந்து வீச்சாளர் ஜாக் மார்ஷின் வாழ்வை ஆராய்கிறது. ஆறே முதல்தரப் போட்டிகளில் 34 விக்கெட்டுகளை வீழ்த்திய மார்ஷ், பந்தை எறிகிறார், அதாவது முழங்கையை மடக்கி நிமிர்த்தி விதியை மீறுகிறார் என்று 1900–01 பருவத்தில் 'நோபோல்' அறிவிக்கப்பட்டு, முழங்கை மடங்காதபடி மரச்சட்டம் கட்டி வீசிக் காட்டிய பின்னரும் தேசிய அணிக்குத் தெரிவாகவேயில்லை. 1916இல் ஒரேஞ்ச் நகரில் அவர் தாக்கப்பட்டு இறந்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட இருவரும் விடுவிக்கப்பட்டனர். 1995இல் மெல்பேர்ணில் முரளிதரனுக்கும் பந்தை எறிகிறார் என்று 'நோபோல்' அறிவிக்கப்பட்டதைக் கண்டு கொதித்த இலங்கையருக்கு இவ்வழக்கு அந்நியமானதன்று. முரளிக்கு அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அன்றே துணைநின்றார். மார்ஷின் கட்சியைப் பேச ஒரு சட்டத்தரணி வர நூறாண்டுகள் ஆயின, அதுவும் கட்டணம் தர இயலாத கட்சிக்காரருக்காக. இத்தகைய உழைப்புக்கு நேரம் கிடைப்பதில்லை, ஒதுக்கப்படுகிறது. கல்முனை நீதிமன்றங்களில் வாதாடும் சட்டத்தரணிகளுள் எவரேனும், சந்தாங்கேணி மைதானத்தில் ஆடிய மூத்த வீரர்களின் வாய்மொழியையும் கழகங்களின் ஸ்கோர் புத்தகங்களையும், சாட்சிகள் உயிருடன் இருக்கும்போதே திரட்டத் தொடங்க வேண்டும்.