எல்லாவற்றுக்கும் சொல்யூஷன் உண்டு

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று தெரியாவிட்டால் கவலையே வேண்டாம். அது சொல்யூஷன்ஸ் விற்கிறது. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களிடம் தொடங்கிய வியாதி, பைபாஸ் வழியாக ஊருக்குள் இறங்கிவிட்டது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வந்தவர் நீட்டிய அட்டையில் 'ஹைஜீன் சொல்யூஷன்ஸ்' என்று இருந்தது. கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் 'ஈவென்ட் சொல்யூஷன்ஸ்' ஆகிவிட்டார். இத்தனை பேர் தீர்வும் கையுமாக அலைகிற ஊரில் பிரச்சினைக்குப் பஞ்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நல்ல மழை அடித்தால் தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இன்றும் வேட்டியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

எனக்குப் பிழைப்பு, இந்தக் கம்பெனிகளுக்கு விளம்பர வாசகம் எழுதுவது. மலையாளிகள் நடத்தும் கம்பெனி, தமிழ்நாட்டு வாடிக்கையாளர், நடுவில் நான். ஒரு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"சாரே, இந்த சொல்யூஷன்ஸை இப்ப எல்லாரும் எடுத்தாச்சு. நமக்கு ஃப்ரெஷ்ஷா ஒண்ணு வேணுமல்லோ."

தேடினேன். 'தீர்வு' என்று எழுதினால் ஆளைத் தீர்த்துக்கட்டுவதுபோல் இருக்கிறது என்றார். மலையாளப் பத்திரிகைகள் தாராளமாகப் புழங்கும் 'பரிஹாரம்' என்ற சொல்லை அவரே எடுத்துக் கொடுத்தார். 'உங்கள் வியாபாரத்துக்குப் பரிகாரம்' என்று மதுரைக்காரர் ஒருவரிடம் அட்டையைக் கொடுத்தால், அவர் சனிக்கிழமை திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வருவார், நம் கம்பெனிக்கு வரமாட்டார் என்று விளக்கினேன். மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கு எவ்வளவு சார்ஜ் பண்ணுவாங்க?"

சைக்கிள் கடையில் நான் பார்த்த சொல்யூஷனுக்கு இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. அது ஒரு சின்ன டியூபில் இருக்கும் பசை. பஞ்சர் ஒட்டுகிறவர் முதலில் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். அதற்கப்புறம்தான் சொல்யூஷன் வெளியே வரும். இன்றைய சொல்யூஷன்காரர்கள் எல்லாம் செய்கிறார்கள், தண்ணீரில் முக்கிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இது நம்மூர்க் கொடுமை மட்டும் இல்லை. லண்டனிலிருந்து வரும் 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டிப் பத்திரிகை, இப்படிப்பட்ட சொல்யூஷன்களைப் பிடித்துப் போட்டுக் கிண்டல் செய்ய ஒரு பத்தியே நடத்தியது. சொல் சாகவில்லை. கிண்டலால் சொற்கள் சாகுமானால் அரசியலில் பாதிச் சொற்கள் மிஞ்சியிருக்காது.

சொல்லுக்குப் பெயர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் இப்படி அல்லாடினேன். 1989-ல் கேரளச் சுற்றுலாத் துறைக்காக வந்த வாசகம் 'காட்ஸ் ஓன் கன்ட்ரி'. முத்ரா விளம்பர நிறுவனத்தின் வால்டர் மென்டிஸ் எழுதிக் கொடுத்தது. அந்தத் தொடரும் புத்தம்புதிது அல்ல. நியூசிலாந்துக்காரர்கள் அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே தங்கள் நாட்டை அப்படி அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் இங்கே ஒட்டிக்கொண்டது. காரணம், வந்து இறங்கியவருக்குக் காட்டக் காயலும் வள்ளமும் நிஜமாகவே இருந்தன. பழைய சொல்லைக்கூடச் சரக்கு காப்பாற்றிவிடும். சரக்கைச் சொல் காப்பாற்றியதாக நான் பார்த்ததில்லை.

பெயர் வைக்கவும் தெரிந்த ஊர்தான் இது. கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் வளாகமான டெக்னோபார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் ஆரம்பித்தவர்கள் கட்டடங்களுக்கு டவர் ஒன்று, டவர் இரண்டு என்று எண் போடாமல் ஆற்றுப் பெயர்களை வைத்தார்கள்: நிளா, பம்பா, பெரியார், பவானி. தமிழ்நாட்டிலிருந்து வந்த என் மாமா 'பெரியார்' என்ற பெயரைப் பார்த்ததும் நின்று கும்பிடாத குறை. "பாத்தியாடே, 1924-ல வைக்கத்துக்கு வந்து போராடினவரை இன்னும் மறக்கலை!" என்றார். அது முல்லைப் பெரியாறு அணை இருக்கிற ஆற்றின் பெயர் என்று சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் அணையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எண் போட்ட கட்டடமாக இருந்தால் எந்த மாமாவும் இவ்வளவு பேசமாட்டார்.

மேனேஜருக்கு வார்த்தை கிடைக்காமல் ஒரு சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் நடந்தேன். அந்தத் தெருவிலேயே கடை வைத்திருந்து அதையே கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். அவர் கதைகளில் வியாபாரி உண்டு, சுமட்டுக்காரர் உண்டு, திருடரும் உண்டு. 'ஸ்டேக்ஹோல்டர்' கிடையாது. ஒரு பாத்திரக் கடையில் நின்றேன்.

"இது என்ன அண்ணாச்சி?"

"புட்டுக்குடம்."

"என்ன செய்யும்?"

"புட்டு அவிக்கும்." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேற என்ன செய்யணும்?" என்றார்.

'ஆவி சார்ந்த காலைச் சிற்றுண்டி சொல்யூஷன்' என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குடம் மட்டும் விற்றுக்கொண்டே இருக்கிறது.

மறுநாள் மேனேஜரை விட்டுவிட்டு, கம்பெனியில் கோட் எழுதுகிற பெண்ணிடம் போய்க் கேட்டேன்: "நீங்க என்னம்மா செய்றீங்க?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில டோக்கன் எடுத்தவங்க இன்னும் எவ்வளவு நேரம் உக்காரணும்னு அவங்க போனுக்குச் சொல்லுவோம் சார். அதுக்குள்ள போய் ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம்."

அதையே தமிழில் இரண்டு வரியாக எழுதினேன். சொல்யூஷன் இல்லை, ஸ்மார்ட் இல்லை, அடுத்த தலைமுறையும் இல்லை. சாயாவை மட்டும் விடவில்லை.

மேனேஜர் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் மலர்ந்தது.

"சூப்பர் சாரே. வாசிச்ச உடனே மனசிலாகுது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒரு பிரச்சினை. இப்படிப் போட்டா நாம செய்யறது இவ்வளவுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுமே?"