ஈமுவுக்குப் பல் இல்லை

சாமானியனுக்கு முதலீட்டுச் செயலி வடிவமைக்கக் கிளம்புகிறவர்கள், சாமானியனுக்கு முதலீடே தெரியாது என்று முதலிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆகவே திரையில் ஓர் உண்டியல், சிரிக்கும் குடும்பம், அதற்குக் கீழே பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான். தொட்டால் பணம் போய்விடும். அவ்வளவு சுலபம்.

இவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தை அடுத்த பழையகோட்டை மாட்டுத்தாவணிக்கு அனுப்பிவைக்கலாம். காளை வாங்க வந்தவர் முதலில் அதன் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, எட்டும் விழுந்து முளைத்ததா என்று பார்ப்பார். பிறகு சுழி. அப்புறம் நடக்கவிட்டுக் கால். கூட வந்த மாமனிடம் ஒரு யோசனை, மச்சானிடம் இன்னொன்று. தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. வாட்ஸ்அப்புக்கு முந்திய என்கிரிப்ஷன். எல்லாம் முடிந்தபின், “வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றனுங்க” என்று அவர் வெறுங்கையோடு பஸ் ஏறிவிடுவார். செயலிக்காரர்கள் கணக்கில் இவர் பாதியில் ஓடிப்போன வாடிக்கையாளர். தாவணியில் இவருக்கு விவரமான ஆள் என்று பெயர்.

இத்தனை விவரமான சீமையா பெருந்துறை ஈமுக்கோழியில் விழுந்தது? சுசி ஈமு நிறுவனத்தின் திட்டத்தை இன்று படித்தாலும் அதன் எளிமை மலைக்கவைக்கிறது. பணம் கட்டினால் குஞ்சும் அவர்களே, கொட்டகையும் அவர்களே, தீனியும் அவர்களே. போதாததற்கு மாதாமாதம் பராமரிப்புப் பணம், வருடத்துக்கொரு போனஸ். விளம்பரத்தில் சினிமா நட்சத்திரங்கள். 2012 ஆகஸ்டில் நிறுவனம் கைவிரிக்க, பசியில் நின்ற ஈமுக்களுக்குக் கால்நடைத்துறை தீனி போடவேண்டி வந்தது. பல்லைப் பார்த்தே வாங்கிப் பழகியவர்கள் பல்லே இல்லாத பிராணியிடம் ஏமாந்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அதற்கும் முன்னால் திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ். வெளிநாட்டுப் பண வர்த்தகம், எல்லாம் ஆன்லைன் என்று சொல்லி, சுமார் 930 கோடி ரூபாய் மோசடி. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. அங்கேயும் பணம் கட்டுவதில் யாருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையாளரின் கட்சி: கொங்குநாட்டுக்கான செயலியில் கொஞ்சம் முட்டுக்கட்டை வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுக்கும் பல் உண்டு. ஆபத்தை ஆறு படிகளாகக் காட்டும் ரிஸ்கோமீட்டரைச் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. வருடத்துக்கு எவ்வளவு கழித்துக்கொள்வார்கள் என்ற செலவு விகிதமும் வெளிப்படையானதுதான். ஆனால் பல செயலிகளில் பச்சைப் பொத்தான் கட்டைவிரலுக்கு நேராக இருக்கும். இவை இரண்டையும் பார்க்க விரல் தேயத் தேயத் திரையை உருட்டவேண்டும். தாவணியில் இப்படி மாட்டின் வாயைக் கட்டி வைத்திருந்தால் அடி விழும்.

சந்தை இறங்கினால் திரை சிவப்பாகிவிடுமே, பயந்துவிடமாட்டார்களா என்று ஒரு கவலை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலைதான். ஆறு மாதம் போனால் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். சிவப்பாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே கன்றை விற்றவர் இந்த வட்டாரத்தில் கிடையாது.

நோட்டிஃபிகேஷனும் இங்கே புதிதல்ல. சிவன்மலை முருகன் பக்தர் ஒருவரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்ல, கோயிலில் பூ கேட்டு உத்தரவு கிடைத்தபின் அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த கனவு வரும்வரை அதே பொருள்தான், மாதக்கணக்கானாலும். அதை வைத்தே தங்கம் ஏறுமா, மழை பெய்யுமா என்று ஊர் பேசிக்கொள்ளும். இருபது வருடத்துக்குப் போட்ட பணத்தைப் பற்றிச் செயலியோ நாளைக்கு நாலு தடவை கிணுகிணுக்கிறது. ஆண்டவருக்கு இருக்கும் நிதானம் அல்காரிதத்துக்கு இல்லை.

முதலீடு தொடங்கத் தேவையான தொகை குறைந்திருப்பது மெய்யாகவே நல்ல காரியம். 2025 பிப்ரவரியில் எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்டின் ஜன்நிவேஷ் திட்டம் 250 ரூபாய் எஸ்ஐபியோடு வந்தது; தினமோ, வாரமோ, மாதமோ கட்டலாம். தேங்காய் உலர்களத்தில் வாரக்கூலி வாங்கும் அப்பத்தா ஒருவர் பேரனை உட்காரவைத்து இதில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். ஆதாரில் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் அட்டையில் அதே எழுத்து முழுநீளப் பெயராக விரிந்து கிடக்கிறது. செயலி இருவரையும் வேறுவேறு ஆள் என்கிறது. ஒருவழியாக அதைத் தாண்டினால், உயிருள்ள மனுஷிதானா என்று அறியக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது.

“எதுக்குச் சாமி நான் செல்லப் பாத்துக் கண்ணடிக்கோணும்?”

அதையும் அடித்தாயிற்று. அடுத்தது நாமினி. மூத்தவன் பெயரைப் போட்டால் சின்னவன் பேச்சை நிறுத்திவிடுவான். பாதிப்பாதி போடலாம் அப்பத்தா என்கிறான் பேரன். “அப்ப உங்க அத்தைக்கு?” மூன்று பேருக்கும் சரிசமம் என்று முடிவாகிறது. கூட்டினால் நூறு வரவேண்டும் என்று செயலி அடம்பிடிப்பதால் இரண்டு பேருக்கு 33.33, ஒருவருக்கு மட்டும் 33.34. அந்த ஒரு துளி யாருக்கு என்று அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி யோசித்துக்கொண்டிருக்கையில் ஓடிபி காலாவதியாகிறது.